மருந்து போட்டும் தெள்ளுப்பூச்சி போகவில்லை: கடை மருந்து போலியா?

2024 டிசம்பர் 22, முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு கேள்வி

எங்கள் வீட்டில் ஒரு லேப்ரடார், ஒரு நாட்டுப் பூனை. புயல் மழைக்கு அப்புறம் நாய்க்குத் தெள்ளுப்பூச்சி ஏறிவிட்டது. கடையில் கேட்டு, முதுகில் விடுகிற சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். ரெண்டு நாள் நிம்மதி. மூணாம் நாளே மறுபடி சொறிய ஆரம்பித்துவிட்டது. இப்போது பாப்பா காலிலும் கணுக்காலைச் சுற்றித் தடிப்பு. கடைக்காரர் போலி மருந்தைத் தலையில் கட்டிவிட்டார் என்றே நினைக்கிறேன். வேறு எந்த மருந்து நல்லது அக்கா? பூனை மேல் ஒன்றும் இல்லை, அது சுத்தமாக இருக்கிறது.

டிசம்பர் 22, இரவு

தம்பி, மருந்தை மாற்ற அவசரப்படாதீர்கள். போலி மருந்தே சந்தையில் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் போலியாக இருந்தால் அந்த ரெண்டு நாள் நிம்மதி எங்கிருந்து வந்தது? நாய் மேல் இருந்தவை செத்தன. மூணாம் நாள் ஏறியவை புதியவை. அவை வந்தது உங்கள் வீட்டுத் தரையிலிருந்து.

பெண் தெள்ளு ரத்தம் குடித்து ஒரு நாள், ஒன்றரை நாளுக்குள் முட்டையிட ஆரம்பித்துவிடும். நாளொன்றுக்கு 40, 50 வரைகூடப் போகும். முட்டை வழவழப்பானது, முடியில் ஒட்டாது. நாய் எழுந்து உடம்பை உதறினால் படுத்த இடத்திலேயே உதிர்ந்துவிடும். ரெண்டு மூணு நாளில் புழு வரும், வெளிச்சத்தைக் கண்டால் ஓடி இடுக்கில் ஒளியும். அப்புறம் கூடு கட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் உள்ள மொத்தத் தெள்ளில் நாய் பூனை மேல் நாம் பார்க்கிற வளர்ந்த பூச்சி நூற்றுக்கு 5 பங்குதான் என்பது பொதுவான கணக்கு. பாதி முட்டை, 35 பங்கு புழு, 10 பங்கு கூடு. நீங்கள் அந்த 5 பங்கோடு சண்டை போட்டுவிட்டு மருந்தைத் திட்டுகிறீர்கள்.

பூனை சுத்தம் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நம் ஊரில் நாய் மேல் ஏறுவதும் பெரும்பாலும் பூனைத் தெள்ளுதான். பூனை நாள் முழுக்க உடம்பை நக்கி, கிடைக்கிற பூச்சியை விழுங்கிவிடும். அதனால் உங்கள் கண்ணுக்குப் படுவதில்லை. மருந்து படாத பூனை ஒன்று வீட்டில் இருக்கும்வரை முட்டை விழுந்துகொண்டேதான் இருக்கும்.

ரெண்டு விஷயம் சொல்லுங்கள். மருந்துக்கு முன்னாலோ பின்னாலோ நாயைக் குளிப்பாட்டினீர்களா? சொட்டைத் தோலில் விட்டீர்களா, முடிமேல் விட்டீர்களா?

டிசம்பர் 23

தம்பி பதில் எழுதியிருக்கிறார். நினைத்த மாதிரியே, மருந்து போட்ட மறுநாள் நாயை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறார். ஃபிப்ரோனில் மாதிரிச் சொட்டு மருந்து தோலில் ஊறுகிற எண்ணெய்ப்பசையோடுதான் உடம்பு முழுக்கப் பரவும். பசையை ஷாம்பு கழுவிவிட்டால் மருந்து எதில் போகும்? முன்னால் ரெண்டு நாள், பின்னால் ரெண்டு நாள் தலைக்குத் தண்ணீர் வேண்டாம். தோள்பட்டை எலும்பு ரெண்டுக்கும் நடுவில் முடியை விரலால் வகிர்ந்து, தோல் தெரிகிற இடத்தில் விட வேண்டும். நாக்கு எட்டாத இடம் அதுதான்.

குளிப்பாட்டுவதே தப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்துக்கு முன்னால், இடைவெளி விட்டு, நல்ல நுரை வரக் குளிப்பாட்டினால் நிறையப் பூச்சி போகும். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை கட்டுங்கள். உடம்பில் தண்ணீர் பட்டதும் எல்லாம் முகத்துக்கும் காதுக்கும் ஓடும், கழுத்து நுரை அங்கேயே பிடித்துவிடும்.

டிசம்பர் 23, மாலை

அது தெள்ளுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உண்ணி ஓடாது, குதிக்காது, காதோரத்திலும் விரலிடுக்கிலும் கடித்துக்கொண்டு தொங்கும். தெள்ளு பக்கவாட்டில் சப்பையாக, பழுப்பாக இருக்கும், முடிக்குள் விறுவிறுவென்று போகும். பூச்சியே அகப்படாவிட்டால் வால் அடியில் பேன் சீப்பால் வாரி, வருகிற கருப்புத் தூளை நனைத்த வெள்ளைப் பஞ்சில் வையுங்கள். சாதாரண மண் என்றால் மண்ணாகவே கிடக்கும். தெள்ளின் கழிவு என்றால் சுற்றிலும் செம்பழுப்பாகக் கசியும். அது செரித்த ரத்தம்.

டிசம்பர் 24

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர், "உண்ணிக்கு அடிக்கிற அமிட்ராஸைத் தண்ணீரில் கலந்து ரெண்டுக்கும் ஊற்றுங்கள், செலவும் குறைவு" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். அமிட்ராஸ் உண்ணிக்கும் சொறிப் பூச்சிக்கும் உள்ள மருந்து, தெள்ளுக்கு அதை நம்ப முடியாது. பூனைக்கு அது ஆபத்து.

அதைவிடப் பெரிய ஆபத்து பெர்மெத்ரின். நாய்க்கான சில சொட்டு மருந்துகளிலும் பவுடர்களிலும் இருக்கிறது. நாய் தாங்கும். பூனையின் கல்லீரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. "நாய்க்கு வாங்கியதில் மிச்சம் இருந்தது, பூனைக்குப் பாதி விட்டேன்" என்று சொல்லி, உடம்பெல்லாம் வெட்டி இழுக்கிற பூனையைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தவரை மருத்துவமனை வாசலில் பார்த்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை, பூனைமேல் உயிரையே வைத்திருந்தவர். கடையில் யாரும் அவரிடம் சொல்லவில்லை, அட்டையில் எழுதியிருந்தது கண்ணுக்குத் தெரியாத எழுத்தில்.

அப்படி நேர்ந்துவிட்டால் பாத்திரம் துலக்குகிற திரவ சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து கழுவி, ஈரம் ஒற்றி, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். நடுக்கம் வரட்டும் பார்க்கலாம் என்று உட்காரக் கூடாது. நாய்க்குப் பெர்மெத்ரின் மருந்து போட்டிருந்தால் அது நன்றாகக் காயும்வரை பூனையை அதன் பக்கத்தில் படுக்க விடாதீர்கள்.

அட்டையில் "பூனைக்கு" என்று அச்சிட்டிருக்கிறதா, எடை பொருந்துகிறதா, இந்த ரெண்டையும் பார்க்காமல் பூனைமேல் ஒரு சொட்டும் விழக் கூடாது.

டிசம்பர் 29

இனி வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் எங்களுடையது பழைய வீடு. சிவப்புச் சிமெண்ட் தரை, அங்கங்கே கீறல். கூடத்தில் அத்தையின் தேக்குக் கட்டில், தூக்கி நகர்த்த நாலு பேர் வேண்டும். மணி (நாட்டு நாய், செவலை) பகலெல்லாம் அந்தக் கட்டிலுக்கு அடியில்தான் கிடப்பான்.

ஒரு தடவை கட்டிலை நகர்த்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். கட்டில் கால் நின்ற இடத்தில், தரைக் கீறலை ஒட்டி, உப்பும் மிளகும் கலந்து தூவின மாதிரி கிடந்தது. வெள்ளை முட்டை, கருப்பு அதன் தாயின் கழிவு. பக்கத்தில் அரை சென்டிமீட்டர்கூட இல்லாத மெல்லிய வெள்ளைப் புழு, உடம்பெல்லாம் மயிர், நடுவில் தின்ற ரத்தத்தின் கருங்கோடு. வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து கீறலுக்குள் போய்விட்டது. தாய் குடித்த ரத்தத்தில் ஒரு பங்கைக் கழிவாகக் கீழே உதிர்க்கிறது, அதைத் தின்றுதான் குஞ்சு வளர்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேலை எங்கே என்று சந்தேகமே வரவில்லை.

வீடு முழுக்க மருந்தடிக்கத் தேவையில்லை. விலங்கு எங்கே படுக்கிறதோ அங்கேதான் முட்டை உதிரும். அந்த இடங்களைக் கணக்கெடுங்கள். கட்டிலடி, சோபா மெத்தை இடுக்கு, கால்மிதி, துணிமூட்டை, படிக்கட்டு மூலை. துடைப்பத்தால் கூட்டினால் தூசு பறந்து வேறு மூலைக்குப் போகும். வாக்குவம் கிளீனர் இருந்தால் கீறல்மேலும் இடுக்கிலும் மெதுவாக இழுங்கள், தூசியைக் கட்டி வெளியே போட்டுவிடுங்கள். இல்லாதவர்கள் ஈரத்துணியால் கீறலை அழுத்தித் துடைத்து, துணியைக் கொதிநீரில் போடுங்கள். நாய் படுக்கிற சாக்கு, போர்வை எல்லாவற்றையும் வாரம் ஒரு தடவை கொதிநீரில் முக்கி வெயிலில் உலர்த்த வேண்டும். நாங்கள் தரைக் கீறலைச் சிமெண்ட் பூசி அடைத்தோம், எந்த மருந்தையும்விட அது பலன் தந்தது என்பேன்.

வெளியே என்றால் நிழலும் ஈரமும் உள்ள இடம். புழுவுக்குக் காற்றில் பாதிக்கு மேல் ஈரப்பதம் வேண்டும், நேர் வெயில் ஆகாது. நம் கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்துக்கா பஞ்சம்? ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி கரையேறி, அடுத்து தென்பெண்ணை வெள்ளம் வந்து, வீடெல்லாம் ஓதம் ஏறிப்போன பிறகு இந்தக் கேள்வி வருவது எனக்கு ஆச்சரியமில்லை. தண்ணீர்த் தொட்டி அடி, மோட்டார் ரூம், வண்டி நிறுத்துகிற நிழல், இவற்றைப் பெருக்கிக் குப்பையை வாருங்கள். வெட்டவெளியில் மருந்தடிப்பது வீண்.

டிசம்பர் 30

கைவைத்தியம் பற்றி நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேப்பெண்ணெய்: பூச்சியைக் கொஞ்சம் விரட்டும், ஒழிக்காது. பூனை நக்கினால் வாந்தி. சூடம், யூகலிப்டஸ் தைலம்: பூனைக்கு விஷம், தடவவே வேண்டாம். ஃபினாயில் ஊற்றித் துடைத்த ஈரத்தில் பூனை நடந்து, பாதத்தை நக்கினால் அதுவும் ஆபத்து. மண்ணெண்ணெய் தேய்ப்பது பாவம், தோல் வெந்துவிடும். கல்லுப்பு தூவுவது நம் ஊர்க் காற்றில் நீர்த்துத் தரைதான் பாழாகும். போரிக் பவுடர் புழுவைக் கொல்லும், உண்மை. ஆனால் தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் அதைத் தரையில் தூவச் சொல்ல எனக்கு வாய் வராது.

கமாக்சின் பொடியைப் பற்றி ஒரு பெரியவர் கேட்டிருந்தார். அவர் காலத்தில் கட்டிலுக்கு அடியில் தூவியது எனக்கும் நினைவிருக்கிறது. ஐயா, அது பி.எச்.சி. என்கிற பூச்சிக்கொல்லி, 1997-லேயே நம் நாட்டில் தடையாகிவிட்டது. பரணில் பழைய டப்பா கிடந்தால் பிரிக்காதீர்கள்.

2025 ஜனவரி 4

"இதனால் காய்ச்சல் வருமா?" என்று வில்லியனூரிலிருந்து ஒரு அம்மா பயந்துபோய்க் கேட்டிருக்கிறார். மழைக்காலத்தில் புதுச்சேரி, கடலூர் மருத்துவர்கள் சொல்லும் ஸ்க்ரப் டைஃபஸ் தெள்ளால் வருவதில்லை, புதரில் இருக்கிற மைட் என்ற சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. எலித் தெள்ளால் வருகிற டைஃபஸ் வேறு. எதுவானாலும் காய்ச்சல் நாலைந்து நாள் விடாமல் அடித்தால் வீட்டில் நாய் பூனை இருக்கிறது, தெள்ளு இருந்தது, எலி நடமாட்டம் உண்டு என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள்.

அப்புறம், வீட்டில் பெருச்சாளியும் கொல்லை வழியாகத் தெருப்பூனையும் வந்துபோனால் அவையும் முட்டை உதிர்த்துவிட்டுத்தான் போகும். எங்கள் மோட்டார் ரூம் கதவுக்கு அடியில் பலகை அடித்த பிறகுதான் அந்தப் பக்கம் ஓய்ந்தது.

பாப்பா கால் தடிப்பு: தெள்ளு மனிதத் தலையில் குடியேறாது. தரையிலிருந்து குதிக்கிற உயரம் முழங்காலுக்குக் கீழேதான், அதனால்தான் கணுக்கால். சொறிந்து புண்ணாகாமல் நகத்தை வெட்டிவிடுங்கள், குளிர்ந்த துணி ஒற்றுங்கள்.

ஜனவரி 19

முத்தியால்பேட்டைத் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். பூனைக்கும் சரியான மருந்து போட்டாராம். போகிக்கு வீட்டையே புரட்டிப் பெருக்கினாராம். ஒரு பூச்சி இல்லை. பொங்கலுக்கு நாய் பூனையோடு நெய்வேலி போய்விட்டு, வீட்டைத் திறந்து உள்ளே நடந்ததும் காலில் பட்டாணி வெடித்த மாதிரி தெள்ளு குதித்ததாம். "எல்லாம் வீண் அக்கா" என்கிறார்.

வீண் இல்லை தம்பி. கூட்டுக்குள் இருக்கிற பூச்சி அவசரப்படாது. கூடு பசையானது, மேலே தூசு ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாது, மருந்தும் உள்ளே எளிதில் இறங்காது. வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லையென்றால் உள்ளேயே மாதக்கணக்கில் இருக்கும். காலடி அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று, இவை பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும். பூட்டிய வீட்டில் பட்டினி கிடந்து சாகும் என்று பலர் நம்புவது இதனால்தான் பொய்யாகிறது. புதிதாகக் குடிபோன காலி வீட்டில் முதல் நாளே கடி வாங்குகிறவர்களுக்கும் இதுதான் காரணம்.

இப்போது குதித்தவை எங்கே போகும்? உங்கள் நாய் மேலும் பூனை மேலும்தான். அங்கே மருந்து இருக்கிறது. ஏறியவை முட்டையிடுவதற்குள் சாகும். அதனால் ரெண்டையும் வெளியே கட்டாதீர்கள், வழக்கம்போல் கூடத்தில் படுக்கட்டும். பூச்சி தெரியவில்லை என்று அடுத்த மாத மருந்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குறைந்தது மூன்று மாதம், எல்லா விலங்குக்கும், தவறாமல். பாதியில் விடுகிற வீட்டில்தான் வருஷம் முழுக்கத் தெள்ளு. எங்கள் தெருவில் எத்தனை பேர் மூணாவது மாதத்தில் விட்டுவிட்டு மறுபடி என்னிடம் வந்து நின்றார்கள்!

எஸ்-மெத்தோப்ரீன் சேர்ந்த சொட்டு கிடைத்தால் அதைக் கேளுங்கள். அது விழுகிற முட்டையையும் பொரிக்க விடாது.

ஜனவரி 20

தரையில் ஒரு தட்டு, அதில் சோப்புத் தண்ணீர், மேலே சின்ன விளக்கு. ராத்திரி வைத்தால் காலையில் நாலைந்து மிதக்கும். இது ஒழிக்கிற வழி இல்லை, ஒழிகிறதா என்று பார்க்கிற வழி. வாரத்துக்கு வாரம் குறைந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

பிப்ரவரி 9

பூனையின் ஆசனவாய் முடியில் அரிசி அளவில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது, சிலது அசைகிறது என்று ஒரு கேள்வி. அது நாடாப்புழுவின் துண்டு. அந்தப் புழுவின் முட்டையைத் தின்பது தெள்ளின் குஞ்சு. வளர்ந்த தெள்ளைப் பூனை நக்கி விழுங்கும்போது புழு குடலுக்குப் போய்விடுகிறது. தெள்ளு இருந்த வீட்டில் புழு மருந்தும் கொடுத்தே ஆக வேண்டும், அதிலும் பிரசிகுவாண்டெல் உள்ள மாத்திரை. வழக்கமான குடற்புழு மருந்துகளில் பலவும் இதைக் கொல்லாது. தெள்ளை விட்டுவிட்டுப் புழுவுக்கு மட்டும் கொடுத்தால் சில வாரத்தில் திரும்ப வரும். தரையில் விளையாடுகிற குழந்தை தெரியாமல் தெள்ளை விழுங்கினாலும் வரலாம், அபூர்வம்தான்.

மார்ச் 2

சொட்டா, மாத்திரையா என்று கேட்கிறீர்கள். நாய்க்கு மாத்திரை நல்ல வழி. குளிப்பாட்டலாம், கடலில் இறங்கினாலும் கவலையில்லை. மாதம் ஒன்று கொடுக்கிற அஃபாக்சோலேனர், மூன்று மாதம் தாங்குகிற ஃப்ளூராலேனர் என்று இருக்கின்றன. ஆனால் வலிப்பு வந்த நாய்க்கு இந்த வகை மாத்திரை வேண்டாம் என்றோ, வேறு பார்க்கலாம் என்றோ மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே நரம்புக் கோளாறு பற்றி எச்சரித்திருக்கிறது. மணிக்குக் குட்டியில் ஒரு தடவை வலிப்பு வந்ததால் நாங்கள் சொட்டோடு நின்றுவிட்டோம்.

பால்குடிக் குட்டிகளுக்கு வளர்ந்த பூனையின் மருந்து ஆகாது. பேன் சீப்பால் வாரி, பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் தட்டிவிடுங்கள். தினமும். ஈறைத் தூக்கிப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. அந்த உடம்பில் இருக்கிற ரத்தமே கொஞ்சம், தெள்ளு அதைக் குடித்தே குட்டியைக் கொன்றுவிடும். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கடலூரில் அரசு கால்நடை மருத்துவமனை.

மார்ச் 16

தம்பி வீட்டில் மூணாவது மருந்தும் போட்டாகிவிட்டது. தட்டில் மூன்று வாரமாக ஒன்றும் விழவில்லையாம், பாப்பா காலும் ஆறிவிட்டது. ரொம்ப சந்தோஷம். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால், புரட்டாசியிலேயே மருந்தை ஆரம்பித்துவிடுங்கள்.

அவர் இப்போது பாப்பாவுக்கு முயல் வாங்கப் போகிறாராம், மிச்சமிருக்கிற சொட்டை அதற்கும் விடலாமா என்று கேட்கிறார். வேண்டாம். ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம், உயிரே போகும். நாய் மருந்து, பூனை மருந்து எதையும் அதற்குப் போடாதீர்கள். முயலைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் காட்டி அவர் எழுதுவதை மட்டும் வாங்குங்கள். நாய்க்கு மருந்து போட்ட அன்று முயலை அதன் அருகில் விடவும் வேண்டாம்.